ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் மட்டும் கசிந்த மின்சாரம்

பைக்கை நிறுத்தி மூன்று நாள் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (பொத்தானை அழுத்தினால் எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) சுற்றாது. அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே மட்டும் ‘டக்’ என்று ஒருமுறை தட்டிவிட்டு அடங்கிவிடும். மங்கலாக எரியும் நியூட்ரல் விளக்கு, செல்ஃப் பொத்தானை அழுத்தியதும் அணைந்துவிடும். ஹாரன் தொண்டை கட்டியதுபோல் முனகும். ஆனால் உதைத்தால் இரண்டாவது உதைக்குள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இப்படியே ஏழு மாதம் ஓட்டினேன். கடந்த மூன்று வாரமாக அந்தத் தொல்லை இல்லை. காரணம் 35 செ.மீ. நீளமுள்ள ஒரு சிவப்புக் கம்பி. அதை அடைவதற்குள் தேவையில்லாமல் இரண்டு பாகங்களை மாற்றிவிட்டேன். தவறிய இடங்களையும் விடாமல் எழுதுகிறேன். இதே தொல்லையோடு இருப்பவருக்கு அவைதான் அதிகம் உதவும்.

வண்டி 19 வயதானது. 150 சிசி, ஒற்றைச் சிலிண்டர், கார்புரேட்டர். தண்ணீர் ஊற்றும் வகை 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரி. கம்ப்யூட்டர், கடிகாரம், அலாரம் எதுவும் கிடையாது. சாவியை அணைத்துவிட்டால் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கவேண்டிய பொருள் ஒன்றுகூட இந்த வண்டியோடு வரவில்லை என்பதை முதலிலேயே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிளக்கில் பொறி வருவதற்கான மின்சாரம், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வருகிறது. பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் எஞ்சின் ஓடியது அதனால்தான்.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். நான்கு வயதாகியிருந்தது, அதனால் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அளந்து பார்க்காமலேயே புதியதை வாங்கிப் பொருத்தினேன். ஐந்து வாரம் நன்றாக ஓடியது. ஆறாவது வாரம் வெளியூர் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால் மறுபடியும் அதே ‘டக்’.

பட்டறையில் காட்டினேன். “தம்பி, சார்ஜ் ஏறவில்லை. ரெகுலேட்டர் போயிருக்கும்” என்றார் மெக்கானிக். மேக்னெட் காயிலின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவோடு சார்ஜ் ஏற்றுவது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர். வயதான வண்டிகளில் அது கெட்டுப்போவது சாதாரணம். அதன் உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதானால் வண்டி நிற்கும்போதும் பேட்டரி மேக்னெட் காயில் வழியாக வடியும். ஆகவே அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. மாற்றினோம். பத்து நாளில் பேட்டரி மறுபடியும் இறங்கியது. பிற்பாடு பழைய யூனிட்டைத் திரும்பப் பொருத்தி, எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தேன்: 14.2 வோல்ட். புதியதில் 14.3. பழையது எந்தக் குற்றமும் செய்யவில்லை. அதைத் துடைத்து, பையில் போட்டு, உதிரிப் பாகமாக வைத்திருக்கிறேன்.

வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் சொந்த மல்டிமீட்டர் வாங்கியது மாற்றங்களுக்குப் பிறகுதான். மாற்றிய இரண்டு பாகங்களுக்குக் கொடுத்த பணத்தில் அதுபோல் பல மீட்டர்கள் வாங்கியிருக்கலாம். கூடவே முதலை வாய் கிளிப் உள்ள இரண்டு கம்பிகளையும் வாங்கினேன். மின்கசிவு தேடுகிறவருக்கு இந்த கிளிப் மிக முக்கியம். ஊசி முனைகளைக் கையால் பிடித்துக்கொண்டே எண்ணைப் பார்க்கவும் வண்டியை அசைக்கவும் முடியாது.

அளக்கும் முறை எளிது. சாவியை அணைத்து, பேட்டரியின் மைனஸ் கேபிளை மட்டும் கழற்ற வேண்டும். பிளஸ் பக்கத்தை முதலில் கழற்றினால், ஸ்பானர் சேசிஸில் (பேட்டரியின் மைனஸோடு இணைந்திருக்கும் வண்டியின் இரும்புச் சட்டம்) பட்டவுடன் தீப்பொறி பறக்கும். கழற்றிய கேபிளுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை வைத்துவிட்டால், வண்டி எடுக்கும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகவே போகும். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகித் தொடங்குவது பாதுகாப்பு. எண் சிறியது என்று தெரிந்த பிறகு மில்லியாம்பியர் துளைக்கு மாறலாம்.

நான் நேராக மில்லியாம்பியரில் தொடங்கினேன். எண் நிலையாக இருந்தது. வேறு ஏதோ சோதிக்க நினைத்து, மீட்டர் நடுவில் இருப்பதை மறந்து சாவியைத் திருப்பினேன். நியூட்ரல் விளக்கு ஒரு கணம் மின்னியது. மீட்டர் பூஜ்யம் காட்டியது. அந்தப் பூஜ்யத்தை உண்மை என்று நம்பிக் கால் மணி நேரம் வீணாக்கினேன். மீட்டருக்குள் இருந்த 200 மில்லியாம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. மீட்டரின் பின்மூடியைத் திறந்து அதே அளவு கண்ணாடி ஃபியூஸ் போட்டேன். அன்று முதல், மீட்டர் பேட்டரியோடு இணைந்திருக்கும் நேரமெல்லாம் சாவி என் சட்டைப்பையில் இருக்கும். செல்ஃப் பொத்தான் பக்கம் கையே போகாது. செல்ஃப் மோட்டார் எடுக்கும் மின்சாரம் 10 ஆம்பியர் ஃபியூஸையும் சேர்த்து எரித்துவிடும்.

புது ஃபியூஸோடு அளந்தபோது 11 மில்லியாம்பியர். கை தானாக ஹேண்டிலில் இருந்த கைப்பேசி சார்ஜர் பக்கம் போனது. இரண்டு வருடம் முன்பு நான்தான் அதை பேட்டரியில் நேராக இணைத்திருந்தேன். அதன் கம்பியைப் பிடுங்கியதும் எண் 0.3 மில்லியாம்பியருக்கு இறங்கியது. கள்வன் அகப்பட்டான் என்று அன்று மிகவும் மகிழ்ந்தேன்.

ஒரு சிறு கணக்கைப் போட்டிருந்தால் அந்த மகிழ்ச்சி வந்திருக்காது. 11 மில்லியாம்பியர், அதாவது 0.011 ஆம்பியர், 24 மணி நேரம் வடிந்தால் ஒரு நாளைக்கு 0.26 ஆம்பியர்-மணி. 9 ஆம்பியர்-மணி பேட்டரியை முழுவதும் காலி செய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். என் வண்டியோ மூன்று நாளில் படுத்தது. சார்ஜர் குற்றவாளிதான், ஆனால் சிறு குற்றவாளி. கிடைத்த எண் நோயின் அளவுக்குப் போதுமா என்று கேட்காமல் மூடியைத் திருகி மாட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை, மறுபடியும் ‘டக்’.

மீட்டரை மறுபடியும் வைத்தேன். 0.3. இருக்கையைத் திறந்து மூடினேன், பிரேக்கை அழுத்திவிட்டேன், வயர்களைத் தட்டினேன். எண் அசையவில்லை. பேட்டரி வடிகிறது என்பது உறுதி. மீட்டரோ எதுவும் வடியவில்லை என்கிறது. இந்த நிலையில்தான் பலர் வண்டியை விற்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதை விற்க மனமில்லை.

அடுத்துச் செய்ததுதான் இந்த ஏழு மாதத்தில் நான் செய்த முதல் உருப்படியான வேலை. ஒரு குறிப்பேட்டில் 14 இரவுகளுக்கு வோல்டேஜ் எழுதினேன். மாலையில் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அளவு, மறுநாள் காலை சாவி போடும் முன் ஓர் அளவு. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் சார்ஜ் ஏறிய வேகத்தில் பேட்டரி பொய்யான உயரத்தைக் காட்டும். அதனால்தான் இந்த இரண்டு மணி நேரம். நல்ல பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் நிரம்பியது, 12.2 பாதி, 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம்.

14 இரவுகளில் 9 இரவுகள் வோல்டேஜ் 0.09 முதல் 0.12 வரை விழுந்திருந்தது. மற்ற 5 இரவுகளில் 0.02க்கு மேல் விழவில்லை. ஈரத்தால் கசிவு வருகிறதோ என்ற எண்ணத்தில் பக்கத்தில் மழை, மழையில்லை என்று ஒரு பத்தியும் போட்டிருந்தேன். வந்த விடை தலைகீழாக இருந்தது. மழை பெய்த இரவுகளில் கசிவே இல்லை! வறண்ட இரவுகளில்தான் பேட்டரி இறங்கியது. ஈரம் பட்டால் மின்சாரம் கசியும் என்பார்கள். நனைந்தால் கசிவு நிற்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பிறகுதான் பிடிபட்டது. மழை வந்தால் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளுவேன். இடம் குறுகல் என்பதால் நடு ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்டிலை நேராக வைத்து, பூட்டாமல் விடுவேன். மற்ற நாட்களில் வாசலில் சைடு ஸ்டாண்டு. ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பிப் பூட்டு. நான் மீட்டர் வைத்து அளந்ததெல்லாம் எங்கே? கொட்டகைக்குள், நடு ஸ்டாண்டில், ஹேண்டிலை நேராக வைத்து.

வண்டியை வாசலுக்குத் தள்ளினேன். சைடு ஸ்டாண்டு போட்டு, 10 ஆம்பியர் துளையில் மீட்டரை இணைத்து, கிளிப்பை மாட்டி, ஹேண்டிலை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். 0.00… 0.00… கடைசி இரண்டு விரற்கடை தூரத்தில் 0.06 ஆம்பியர், அதாவது 60 மில்லியாம்பியர். முழுவதும் திருப்பியதும் 0.08, 0.09 என்று ஆடியது. பூட்டவே தேவையில்லை, திரும்பினாலே போதும். நேராக்கினால் மறுபடியும் பூஜ்யம்.

இப்போது கணக்கும் சேர்ந்தது. 85 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-மணி. இரண்டு நாளில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் செல்ஃபைச் சுற்ற அதில் தெம்பு இருக்காது.

ஹேண்டிலை இடப்பக்கம் கயிறு போட்டுக் கட்டி, எண்ணை 0.08ல் நிற்க வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன். 15 ஆம்பியர் மெயின் ஃபியூஸை எடுத்ததும் பூஜ்யம். ஆகவே பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள செல்ஃப் ரிலேயும் தடித்த கேபிளும் குற்றமற்றவை. ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். ரெகுலேட்டர் கப்ளரை (கம்பிகளை இணைக்கும் செருகியை) பிரித்தேன், 0.08. பின்விளக்கு, 0.08. பின் பிரேக் சுவிட்ச், ஹாரன், 0.08. முன்விளக்குக் கூட்டைத் திறந்தால் உள்ளே ஏழு கப்ளர்கள் பின்னிக்கிடந்தன. பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஹேண்டிலோடு தொடர்புடையது, 19 வருடம் வெயிலும் தண்ணீரும் பட்டது, உள்ளே பச்சை பூத்திருக்கும் என்று நினைத்தேன். புது சுவிட்ச் எங்கே கிடைக்கும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன். அதன் கப்ளரைப் பிரித்தேன். 0.08. அப்படியே நின்றது. அளக்காமல் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒரு நல்ல பாகத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மீதிக் கப்ளர்களையும் பிரித்துவிட்டேன். மின்சாரம் எடுக்கும் பொருள் எதுவும் இணைப்பில் இல்லை. எண் மட்டும் அசையவில்லை. அப்படியானால் கம்பியே கசிகிறது. பெட்ரோல் டேங்குக்கு அடியிலிருந்து முன்விளக்குக் கூட்டுக்குப் போகும் வயரிங் கட்டில், சாவி அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கம்பிதான்: ஃபியூஸிலிருந்து இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் சிவப்பு. பேட்டரியை முழுவதும் கழற்றி, அந்தச் சிவப்புக்கும் சேசிஸுக்கும் நடுவில் மின்தடையை அளந்தேன். ஹேண்டில் நேராக இருந்தால் மீட்டர் எதையும் காட்டவில்லை. இடப்பக்கம் திருப்பினால் 130க்கும் 190க்கும் நடுவில் ஓம் எண்கள் குதித்தன.

மறுநாள் டேங்கைக் கழற்றினேன். பெட்ரோல் குழாயை மூடி, டியூபைப் பிடுங்கி, பின்னால் ஒரு போல்ட் கழற்றினால் டேங்க் வந்துவிடும். அதைத் தூரத்தில் வேறு அறையில் வைத்தேன். பக்கத்தில் சால்டரிங் (சூட்டில் ஈயம் உருக்கிக் கம்பிகளை ஒட்டும்) வேலை நடக்கப்போகிறது. வயரிங் கட்டைச் சுற்றியிருந்த பழைய டேப்பைப் பிளேடால் கீறாமல், நகத்தால் உரித்தெடுத்தேன்.

ஸ்டீயரிங் கழுத்தின் இடப்பக்கத்தில் கேபிள் வழிகாட்டிக்காக ஒரு தகரக் காது பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வயரிங் கட்டு அதன் விளிம்பில் இறுகக் கிடந்தது. இறுக்கியது நான் போட்ட பிளாஸ்டிக் டை. சார்ஜர் பொருத்திய அன்று, கம்பிகள் அழகாக ஒதுங்கியிருக்கட்டும் என்று இழுத்துக் கட்டியிருந்தேன். ஹேண்டில் திரும்பும்போது வயரிங் கட்டு வளைந்து நழுவ முன்பு இடம் இருந்தது; அந்த டை அதைப் பறித்துவிட்டது. இரண்டு வருடமாக ஒவ்வொரு திருப்பத்திலும் தகர விளிம்பு கம்பியை அரம்போல் தேய்த்திருக்கிறது. சிவப்பு உறையில் அரிசி அளவு ஓட்டை. உள்ளே செம்பு பச்சை பூத்து, விளிம்பில் துருவும் பச்சையும் கலந்த ஒரு பொருக்கு. செம்பு நேராக இரும்பில் பட்டிருந்தால் ஃபியூஸ் அன்றே போயிருக்கும், நானும் அன்றே கண்டுபிடித்திருப்பேன். நடுவில் அந்தப் பொருக்கு இருந்ததால் ஃபியூஸுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக வடிந்திருக்கிறது.

ஓட்டையை மட்டும் டேப் சுற்றி மூடலாமா என்று யோசித்தேன். உறையைச் சிறிது கீறிப் பார்த்தபோது பச்சை ஓட்டையோடு நிற்காமல் இரண்டு பக்கமும் உள்ளே ஏறியிருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனதில் 4 செ.மீ. போனது. அங்கேயே ஒட்டுப் போடவும் மனம் வரவில்லை. ஈயம் பற்றவைத்த இடம் விறைத்துவிடும். தினமும் வளையும் இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்தில் கம்பி முறியும். அதனால் வளையும் பகுதி முழுவதையும் மாற்றி, ஒட்டு ஒன்றை டேங்க் அடியிலும் மற்றொன்றை முன்விளக்குக் கூட்டுக்குள்ளும் வைத்தேன். புதுக் கம்பி 35 செ.மீ.; பழையதைவிட ஒரு படி தடிமனான 2 சதுர மி.மீ., பல இழைகள் உள்ள வண்டிக் கம்பி. வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி இங்கே உதவாது.

முதல் ஒட்டைப் பற்றவைத்து முடித்த பிறகுதான், சூடு பட்டால் சுருங்கி ஒட்டை இறுக மூடும் சுருங்கு குழாயை முன்கூட்டியே கம்பியில் கோக்க மறந்தது தெரிந்தது. வெட்டி, மறுபடி உரித்து, மறுபடி பற்றவைத்தேன். இரண்டாவது ஒட்டில் முதல் வேலையாகக் குழாயைக் கோத்து, சூடு படாதபடி தூரமாகத் தள்ளி வைத்தேன். உள்ளே பசை பூசிய வகைக் குழாய் என்பதால், சூடாக்கியதும் இரண்டு ஓரங்களிலும் பசை மெல்லியதாகப் பிதுங்கியது. தண்ணீர் இனி உள்ளே போகாது.

தகரக் காதின் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுக்கி, பெயிண்ட் தொட்டு வைத்தேன். பழைய பெட்ரோல் டியூபில் 5 செ.மீ. வெட்டி, நீளவாக்கில் கீறி, விளிம்புக்கு உறையாக மாட்டினேன். வயரிங் கட்டைத் துணி டேப்பால் சுற்றினேன். சாதாரண இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் இளகிப் பிசுபிசுப்பாகிவிடும். முன்பு சுற்றியிருந்தது அப்படித்தான் கையில் ஒட்டியது. புது டையை, கட்டு உள்ளே தாராளமாக நழுவும் அளவுக்குத் தளர்வாகப் போட்டேன். ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது முறை திருப்பி, எந்த இடத்திலும் கம்பி விறைக்கவில்லை என்று பார்த்த பிறகே டேங்கை ஏற்றினேன்.

கடைசி அளவுகள்: இடம், வலம், நேர், மூன்றிலும் 10 ஆம்பியர் துளையில் 0.00. மில்லியாம்பியரில் 0.3, ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்தால் அதுவும் மறைந்தது, ஆகவே அது டயோடின் இயல்பான கசிவு. தெளிப்பான் புட்டியால் ஸ்டீயரிங் கழுத்தை நனைத்தும் பார்த்தேன். எண் மாறவில்லை.

பேட்டரிக்கு நேர்ந்த கேடு முழுவதும் சரியாகவில்லை. பலமுறை அடிவரை இறங்கிய ஈயப் பேட்டரி பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. 0.9 ஆம்பியரில் பத்து மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு ஓய்வு கொடுத்து அளந்தால் 12.58. புதிதில் 12.74 காட்டியது இது. செல்ஃப் சுற்றும்போது 10.1 வோல்ட் வரை இறங்குகிறது. ஓடும் வரை ஓடட்டும்.

அடுத்த முறை என்றால் வோல்டேஜ் குறிப்பேட்டில்தான் தொடங்குவேன். அதில் தேதியோடு வண்டி எங்கே, எந்த ஸ்டாண்டில், ஹேண்டில் எந்தப் பக்கம் என்றும் எழுதுவேன். இரவில் நிறுத்தும் அதே நிலையில் வைத்தே மீட்டரை இணைப்பேன். கைப்பேசி சார்ஜர் மறுபடியும் வண்டியில் ஏறியிருக்கிறது. இம்முறை தனியாக 2 ஆம்பியர் ஃபியூஸோடும், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியோடும்.

சமீபத்தில் வண்டியைப் பதினோரு நாள் தொடாமல், வாசலில், இடப்பக்கம் பூட்டியே விட்டிருந்தேன். சாவி போடும் முன் 12.51. பொத்தானைத் தொட்டதும் செல்ஃப் சுற்றியது. டேங்கைக் கழற்றியபோது, கிளட்ச் பக்க சுவிட்சிலிருந்து வரும் வயரிங் உறையிலும் தேய்ந்து பளபளக்கும் ஒரு தடம் கண்ணில் பட்டது. இன்னும் ஓட்டை விழவில்லை. மீதமுள்ள பெட்ரோல் டியூபை அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.